என் மகள் வடித்த எண்ணெய்

தீக்காய வார்டின் நடைபாதையில் ஒரு நீள வாங்கு கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கைக்குட்டையையோ சேலைத் தலைப்பையோ மூக்கில் பிடித்திருந்தார்கள். நான் பிடிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த அந்த மணத்தில் என் மகளும் இருந்தாள்.

மலருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இரசாயனத்தில் பட்டம் பெற்று, ஆசிரிய நியமனத்துக்காக இரண்டு வருடமாக வீட்டில் காத்திருந்தாள். நான் எங்கள் தீவூரான நாரந்தனையில் கீழ் வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இன்று அதே போன்ற ஒரு வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயோ தகப்பனோ இதை வாசிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நடந்ததைச் சொல்ல முடியும்.

முதலில் நோய் வந்தது மலருக்கு அல்ல, என் கணவருக்கு. தென்னிலங்கையில் முப்பது வருடம் கடை நடத்தியவர், ஒரு தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது பொங்கலைத் தள்ளி வைத்தார். மணம் குமட்டுகிறது என்றார். ஆனி மாதத்துக்கிடையில் இரைப்பையில் புற்று என்று தெரிந்துவிட்டது. வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று பட்டணத்தில் சொல்லி, வீட்டுக்கு அனுப்பினார்கள். பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்ததையும் அவரால் வயிற்றில் வைத்திருக்க முடியவில்லை.

நாட்டு வைத்தியம் பார்க்கும் ஊர்ப் பரியாரியார் எழுபது வயதுக்காரர். மருந்துக்காகக் கஞ்சா வைத்திருக்க அவருக்கு அனுமதி இருந்தது. அதில் செய்த லேகியத்தைக் கொண்டுவந்தார். வாந்தி சத்தியை நிறுத்தும், பசியைக் கிளப்பும் என்றார். என் கணவர் அதை நாக்கில் வைத்ததும் வாந்தி எடுத்தார்.

"விழுங்க ஏலாத ஆளுக்கு லேகியம் குடுத்து என்ன பலன்?" என்று மலர் கேட்டாள்.

"அப்ப நீ சொல்லு பிள்ளை. நீதானே படிச்சனீ" என்றார் பரியாரியார். கிண்டலாகத்தான் சொன்னார். அவள் அதைக் கிண்டலாக எடுக்கவில்லை.

கஞ்சா இலையின் குணம் அதன் மணத்திலும் இருக்கலாம் என்பது அவளுடைய எண்ணம். பன்னீர் வடிப்பதுபோல் அந்த மணத்தை மட்டும் பிரித்தெடுத்தால், விழுங்கத் தேவையில்லை, முகர்ந்தால் போதும் என்றாள். பரியாரியார் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சிறு பொட்டலம் தந்தார். "வீதிக்கு மணக்காமல் பாருங்கோ" என்றார். கடல் வழியாக வரும் கடத்தல் சரக்குக்காகப் பொலிஸ் ஊருக்குள் அடிக்கடி வந்துபோன நாட்கள் அவை.

அவள் குசினியில் தண்ணீர் ஆவியில் அதை வடித்தாள். ஒரு மூடிய பாத்திரம், ஒரு குழாய், குழாயில் சுற்றிய ஈரச் சாக்கு. காலை முழுதும் வடித்து, ஒரு சின்னக் கிளாசின் மேலே மெல்லிய ஏடாக எண்ணெய் நின்றது. பச்சிலையும் மிளகும் எலுமிச்சைத் தோலும் கலந்ததுபோல் ஒரு மணம்.

என் கணவர் கட்டிலில் இருந்தபடி கூப்பிட்டார். "இஞ்சரும், உம்மடை மகள் என்ன, கசிப்பு வடிக்கிறாளோ?"

"அப்பா, இது மருந்து."

"கள்ளச் சாராயம் வடிக்கிற எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவங்கள். பட்டதாரி வடிச்சால் விலை கூட விக்கலாம்."

அந்த எண்ணெயில் ஒரு சொட்டைக் கைக்குட்டையில் தொட்டு முகரக் கொடுத்தாள். அன்று பின்னேரம் அவர் அரைக் கோப்பை அரிசிக் கஞ்சி குடித்தார். சத்தி எடுக்கவில்லை. அடுத்த நாளும் குடித்தார். எண்ணெய்தான் செய்ததா, அல்லது நோய் தானாகவே கொடுத்த ஓய்வா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பின்னாளில் ஒரு டொக்டரிடம் கேட்டேன். "இடைக்கிடை அப்பிடி ரெண்டு நாள் வரும் ரீச்சர்" என்றார். ஆனால் அந்த இரண்டு நாளில் நான் நம்பிக்கை வைத்துவிட்டேன். நோயாளியின் வீட்டில் நம்பிக்கை வந்துவிட்டால் அது அவசரத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

எண்ணெய் முடிந்தது. அவர் திரும்பவும் எல்லாவற்றையும் தள்ளி வைத்தார். பொட்டலத்தில் மிச்சம் கொஞ்ச இலைதான். தண்ணீரில் வடித்தால் ஒன்றும் தேறாது, ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் கூடுதலாக வரும், ஆனால் அதன் ஆவியில் நெருப்புப் பட்டால் பற்றும், பயம் என்றாள் மலர்.

"அங்கை கம்பஸிலை மின்சாரத்திலை செய்யிறது அம்மா. நெருப்பு எண்ட பேச்சே இல்லை. இஞ்சை விறகு அடுப்பு."

"அடுப்பை மூட்டாமல் செய்யேலாதோ? அப்பா மூண்டு நாளாய் ஒண்டும் சாப்பிடயில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓம் என்றாள். அந்த ஓம் என்னுடையது, அவளுடையது அல்ல.

சோளகக் காற்று அடித்த நாள். இலை ஊறிய ஸ்பிரிட்டை அகன்ற தட்டில் ஊற்றி, வெயிலில் சுட்ட மணலைக் குசினி மூலையில் பரப்பி அதன் மேல் வைத்து, தானாகவே வற்றட்டும் என்று விட்டிருந்தாள். கதவையும் யன்னலையும் திறந்து வைக்கச் சொன்னாள். வீதியால் யாரோ போகும் சத்தம் கேட்டதும் மணத்துக்குப் பயந்து நான் அவற்றைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் என் கணவர் சுடுதண்ணீர் கேட்டார். நான் எதையும் யோசிக்கவில்லை. குசினியின் மற்ற மூலையிலிருந்த அடுப்படியில் குந்தி நெருப்புக்குச்சியைத் தட்டினேன்.

நெருப்பு தரையோடு ஓடியது. நீல நிறம். சத்தம் பெரிதாக இல்லை. என் சேலைக் கரை மட்டும் கருகியது. தட்டுக்கு மேல் குனிந்திருந்தவள் மலர்.

சாக்கைப் போட்டு அணைத்தேன். அவள் கதவை உதைத்துத் திறந்துகொண்டு கிணற்றடித் தொட்டியை நோக்கி ஓடினாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. எங்கள் வளவுக் கிணறு உவர்க் கிணறு. பாத்திரம் கழுவவும் குளிக்கவும் மட்டும்தான். குடிக்கிற நல்ல தண்ணீர் தூரத்துக் கிணற்றில் அள்ளி வருவது. அன்று ஒரு குடத்தில் பாதிதான் மிச்சம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் புண்ணுக்கு உவர்த் தண்ணீர் காட்டமாட்டோம். காந்தும், புண்ணைப் பெருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம். நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் எண்ணெய் பூசுவோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

நான் ஓடிப்போய் அவளுடைய இடுப்பைப் பிடித்து இழுத்தேன். "உப்புத் தண்ணி பிள்ளை! காந்தும்!" என்று கத்தினேன்.

"விடுங்கோ அம்மா, விடுங்கோ" என்றாள்.

நான் விடவில்லை. அவளை இருத்தி, போத்தலிலிருந்த தேங்காய் எண்ணெய் முழுவதையும் கைகளிலும் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றினேன். பிறகு வாடகைக் கார் தேடி ஆள் அனுப்பினேன்.

வேலணையைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி தாண்டி, பாலத்தால் பட்டணம் போய்ச் சேரும்வரை அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள், யாரிடமோ எதையோ வாங்குவதற்கு நீட்டியதுபோல.

சத்திரசிகிச்சை டொக்டர் இளமையானவர். எண்ணெயை வழித்துத் துடைக்கும்போது அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"எவ்வளவு நேரம் தண்ணி ஊத்தினனீங்கள்?"

"ஊத்தயில்லை ஐயா."

"வீட்டிலை தண்ணி இல்லையோ?"

"உவர்த் தண்ணிதான் இருந்தது."

"அதையே ஊத்தியிருக்கலாமே அம்மா. சூடு உள்ளுக்கை இறங்காமல் தடுத்திருக்கும். எண்ணெய் சூட்டைப் பூட்டி வைச்சிட்டுது." என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அதாலை மட்டும் எண்டு சொல்லயில்லை" என்று சேர்த்தார்.

முதலில் சொன்னதை நான் நம்பினேன். பிறகு சேர்த்ததை நம்பவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு: தீப்பட்டால் தண்ணீர். கிணற்றில் என்ன தண்ணீர் இருக்கிறதோ அது. நிறைய நேரம். எனக்குத் தெரிந்த வைத்தியம் இது ஒன்றுதான். அதை நான் தெரிந்துகொண்டது நடைபாதையில்.

பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுக்க வந்தபோது குப்பி விளக்கு சரிந்துவிட்டது என்றேன். மலரும் ஓம் என்று தலையை அசைத்தாள். அந்தப் பொய் எங்களைக் காப்பாற்றியது. இன்னொரு கதையைக் கிளப்பியும் விட்டது. கலியாணம் ஆகாத பெட்டை எரிந்தால் ஊருக்குக் காரணம் ஒன்றுதான். என் கணவரின் தங்கை பூமணி பார்க்க வந்து கட்டிலருகே குனிந்தாள்.

"ஆரெண்டு மாமிக்கு மட்டும் சொல்லு குஞ்சு. நாங்கள் பேசிக் கட்டி வைப்பம்."

மலரின் உதடு வீங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அடுப்பைத்தான் மாமி. சாதகம் பொருந்துமோ பாருங்கோ."

அதுதான் அவள் சொன்ன கடைசிப் பகிடி. பூமணி அழுதுகொண்டு போய், என் கணவரைப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அன்று கேட்ட கூச்சல் எனக்குத் தீப்பட்டதால் என்றும், மகள் கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறாள் என்றும் அவரிடம் சொல்லி வைத்தோம்.

முதல் வாரம் சேலைன் (நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர்). அந்தச் சொல்லை முதன்முதலில் விளங்கிக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவில்லை. தாதி என்னை வெளியே கூட்டிப்போனாள். இரண்டாம் வாரம் துணி மாற்றும்போது பச்சை நிறத்தில் சீழ் கண்டது. செப்டிசீமியா (கிருமி இரத்தத்தில் கலப்பது) வந்துவிடுமோ என்று பயந்தார்கள். ஐந்து நாள் காய்ச்சலில் பிதற்றினாள். கதவைத் திறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வார்டின் கதவுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன.

பத்தொன்பதாம் நாள் நாரந்தனையிலிருந்து ஆள் வந்தது. நான் போய்க் காரியத்தை முடித்துவிட்டு மூன்றாம் நாள் வார்டுக்குத் திரும்பினேன். மலர் என் நெற்றியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டாள்.

"கஞ்சி. அரைக் கோப்பை" என்றேன்.

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று பூமணி சொல்லியிருந்தாள். மலர் கண்ணை மூடிக்கொண்டாள். நம்பினாளா தெரியாது.

பிறகு கிராப்ட் (தொடையில் தோல் எடுத்துப் புண்ணில் ஒட்டுவது). முதல் தடவை ஒட்டியதில் பாதி பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை பிடித்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மலர் பிழைத்துவிட்டாள் என்று என்னிடமும் சொன்னார்கள். உயிர் தப்புவதும் சுகமாவதும் வேறு வேறு என்று அப்போது எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை. ஆறும் தோல் சுருங்கும். சுருங்கிக்கொண்டே விரல்களை உள்ளே இழுக்கும். கட்டை வைத்துக் கட்டினோம், எண்ணெய் தேய்த்து நீவினோம், காலையும் மாலையும் இழுத்து நிமிர்த்தினோம். வலியில் அவள் என்னைக் கடித்திருக்கிறாள். ஒரு வருடம் முடிய வலது கையில் பெருவிரல் மட்டும் அசைந்தது. இடது கை மூடிய மொட்டுப்போல நின்றுவிட்டது. கழுத்துத் தோல் முகநாடியைக் கீழே இழுத்தது.

ஆசிரிய நியமனம் அதற்கடுத்த தை மாதம் வந்தது. பதில் எழுதவில்லை. கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிடச் சொன்னாள், வைத்தேன்.

ஆறு வருடமாகிறது. அவளுக்குச் சோறூட்டுவது நான். சட்டைக்கு ஊசி குத்துவது, தலை இழுத்துப் பின்னுவது, கழுவிவிடுவது, புத்தகத்தின் தாளைப் புரட்டுவது நான். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு கோபப்பட்டாள். இப்போது இரண்டும் இல்லை. சாட்டிக் கடற்கரைக்கு ஒருமுறையாவது போய்வருவோம் என்றால், "ஆக்கள் பாப்பினம்" என்கிறாள். நான் செய்ததை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க ஒருநாள் தொடங்கினேன். "தெரியும் அம்மா. நானும் அங்கைதானே நிண்டனான்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. முன்பெல்லாம் தவணை, விடுமுறை, சித்திரை, மாரி என்று நாட்கள் போகும். இப்போது அப்படி எண்ணுவதில்லை. நான் கைகளைப் பார்க்கிறேன். ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்குமாக இரண்டு கைகள்தான் இருக்கின்றன. அவை எத்தனை காலத்துக்கு என்பதுதான் எங்கள் காலம்.

இந்த மாரியில் ஒருநாள் காலை என் வலது கைச் சுட்டுவிரல் மடங்க மறுத்தது. மூட்டு வாதம் என்று நினைக்கிறேன். என் அம்மாவுக்கும் இருந்தது. வெந்நீரில் வைத்தேன், இளகியது. அடுத்த நாள் இரண்டு விரல்கள். அவளிடம் சொல்லவில்லை.

நேற்று தலை பின்னிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பிரியைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டேன். அவள் திரும்பவில்லை.

"எப்ப துவங்கினது அம்மா?" என்று கேட்டாள்.

"இப்பதான்" என்றேன்.

"கத்தரியுங்கோ. கட்டையாய் வெட்டிவிடுங்கோ. இனி அது சுகம்."

நான் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். இரண்டு கையாலும் பிடித்துத்தான் வெட்ட முடிந்தது.