தூணில் தொடங்கிய அகரம்

ஐம்பத்தாறாம் ஆண்டு விஜயதசமியன்று, மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வீட்டில் தாம்பாளத்தில் அரிசி பரப்பினோம். மகளுக்கு அப்போது ஐந்து வயது நிறையவில்லை. குழந்தையை மடியில் வைத்து, விரல் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பதுதான் வழக்கம். என் மனைவியால் அது முடியாது. அவளுக்குக் காசநோய். குழந்தையை நெருங்க விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் எழுத வைக்கிறேன்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. நான் இருக்கறப்பவே என்னப் பாத்து அவ எழுதணும்."

அவள் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழைப் பேசவும் எழுதவும் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் கற்றுக்கொண்டாள். அந்தப் பாடு மகளுக்கு வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு தாம்பாளத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். எதிரே மகள். குழந்தைக்கு நேராகத் தெரியட்டும் என்று எழுத்தைத் தலைகீழாக எழுதினாள். அப்படி எழுதும்போது அகரத்தின் நிற்கும் கோடு அவளுடைய இடப்பக்கம் வந்தது. அதையே முதலில் இழுத்தாள். சுழி கடைசியில் வந்தது.

"தியாங் டுலு, பாப்பா" என்றாள். முதலில் தூண்.

"சுழியிலதான் தொடங்கணும்."

"வீடு கட்டறவன் தூண் வைக்காம எத வைப்பான்? வந்துட்டாரு கணக்கெழுதற பெரிய கிராணி!"

சிரித்தாள்; இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அடங்கும்வரை மகள் அரிசியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

தைப்பூசத்துக்குள் உயிரெழுத்துகள் முடிந்தன. மெய்யெழுத்துகளில் பாதிகூட ஆகவில்லை. பங்குனியில் அவள் போய்விட்டாள்.

மீதியை நான் மகளை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் நான் காட்டியபடி எழுதினாள். அகரத்தை மட்டும் மாற்றவில்லை.

"பள்ளிக்கூடத்துல டீச்சர் ஏசுவாங்க, பாப்பா."

"அம்மா தியாங் டுலுன்னு சொல்லுச்சு."

"எதிர்ல உக்காந்ததால அம்மா அப்படி எழுதினாங்க."

"அப்ப நீங்களும் எதிர்ல உக்காருங்க."

உட்கார்ந்தேன். தலைகீழாக எழுத எனக்கு வரவில்லை.

"இல்லப்பா. அம்மா மாதிரி இல்ல" என்று கையால் அரிசியைக் கலைத்துவிட்டாள்.

மெர்டேக்கா அன்று, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாளில், தெருவெங்கும் கொடி. அவள் எங்கள் வாசலில் சாக்குக்கட்டியால் பெரிய அகரம் ஒன்று போட்டாள். தூண்தான் முதலில்.

மறு ஜனவரியில் பள்ளியில் சேர்த்தேன். யாராவது ஏசினார்களா என்று சில நாள் கேட்டேன். இல்லை என்றாள். பிறகு கேட்கவில்லை. ஒரு மாலை அவள் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுழியில் தொடங்கி, வளைத்து, தூணில் முடித்தாள். கை தடுமாறவில்லை.

"எப்பலேருந்து இப்படி எழுதற?"

"எப்படி?" என்றாள், நிமிராமல்.

எதற்கும் தேதி குறித்து வைப்பவன் நான். மனைவி படுக்கையில் விழுந்த நாள், போன நாள், மகள் பள்ளிக்குப் போன முதல் நாள் எல்லாம் என்னிடம் உண்டு. மகள் கடைசியாகத் தூணில் தொடங்கிய நாள் மட்டும் எனக்குத் தெரியாது.