மாத்திரை போட்ட நாளில் பேசஞ்சர்

என் தலைசுற்றல் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கும்போது வரும் அந்த 'டப்' சத்தம், இன்று காலையும் என்னைச் சின்ன வயதில் இருந்த கும்மிடிப்பூண்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

நைனா, அதாவது என் அப்பா, ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் ஓட்டினார். அவருக்குத் திடீரென்று தலை சுற்றும். மாத்திரை போட்டால் சுற்றல் நிற்கும், ஆனால் கண் சொக்கும். போட்ட அன்று வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலை ஷிஃப்ட் நேரம். சூப்பர்வைசர் வாசலில் நின்று கத்தினார்.

"அதான் மாத்திரை போட்டுக்கினியே, அப்புறம் இன்னா? இன்னிக்கி வராட்டி நாளைக்கும் வராத."

நைனா சாவியை அவர் கையில் வைத்தார். "மாத்திரை போட்டா நா டிரைவர் இல்ல சார், பேசஞ்சர்."

வேறொருவர் ஓட்டிய அந்த வேனில்தான் அம்மாவும் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போனாள். சாயங்காலம் மெஷின் எண்ணெய் வாசனையோடு பத்திரமாக வந்து சேர்ந்தாள். மறுநாள் சூப்பர்வைசரே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்று பொன்னேரியில் கல்யாணம். "மாத்திரைதான் போட்டாச்சே, நீயே ஓட்டேன்" என்றார் கணவர்.

கார் சாவியை அவரிடம் நீட்டினேன். "இன்னிக்கி நான் பேசஞ்சர்."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.