மாத்திரைத் தூக்கத்தில் ஒரு கேள்வி

மனநோயிலிருந்து மீண்டவர்கள் நாங்கள். மீண்டுகொண்டிருப்பவர்களுக்குத் துணையாக இருப்பதே எங்கள் வேலை. அதற்காக மும்பை செம்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் மறுபயிற்சி வகுப்பில்தான் அவரைச் சந்தித்தேன். தாராவிக்காரர். படிய வாரிய நரைமுடி, சட்டைப்பையில் சோம்புப் பொட்டலம். சாப்பாடு முடிந்தால் போதும், அவருக்குக் கண் சொருகிவிடும்.

"எல்லாம் மாத்திரை படுத்துற பாடு தம்பி. தூங்கிட்டேன்னா நல்லா கிள்ளிருங்க. இந்தத் தடவையும் தூங்குனா வேலை கிடையாதுன்னு வகுப்பெடுக்கிற மேடம் சொல்லிட்டாவ."

"கிள்ளினா கத்த மாட்டீங்களே, அண்ணாச்சி?"

"கத்துனா முழிச்சிருக்கேன்னு அர்த்தம்லா!"

மதியம், இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பயிற்சி. நான் படபடவென்று ஆரம்பித்தேன். கல்லூரிக்குப் போகாமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்த நாட்களுக்கு வந்தபோது அவர் கண்கள் மூடியிருந்தன. மின்விசிறி சுற்றியது, எங்கோ ஹார்பர் லைன் ரயில் போனது. கிள்ள மனம் வரவில்லை. மூடிய அந்தக் கண்களிடம் எதையும் சொல்லலாம் போலிருந்தது. யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

நிமிர்ந்தால், மேடம் எங்கள் பக்கத்தில் நிற்கிறார்! பதறிப்போய்க் கிள்ளினேன்.

அவர் மெல்லக் கண் திறந்தார். "அம்மா கதவைத் தட்டுனாவளா?" என்று கேட்டார்.

மேடம் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்டது என் அம்மாவையா, தூக்கத்தில் வந்த அவருடைய அம்மாவையா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"தட்டிக்கிட்டே இருந்தாங்க அண்ணாச்சி" என்றேன்.