ஜலரேகாவின் சமையல்காரன்

மைசூரு ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு மெஸ்ஸில் ஜடையன் சமைக்கிறான். கோபிநத்தத்தில் காட்டோரம் பிறந்தவனுக்குக் கடலோடு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மங்களூரில் ஓட்டல் வேலை பார்த்த இடத்தில் யாரோ ஆசை காட்ட, 'ஜலரேகா' என்ற சின்னச் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக ஏறினான்.

கிழட்டுக் கப்பல் அது. பல முதலாளிகளிடம் கைமாறி, ஒவ்வொரு தடவையும் துருவின் மேலேயே புதுப் பெயிண்ட் பூசிக்கொண்டு, தீவுகளுக்குச் சிமெண்டும் வெங்காயமும் சுமந்தது. என்ஜின் அறையில் வேலை பார்த்த சுரேந்தர் மைசூருத் தமிழன். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில், பொழுது சாயும் நேரத்தில், பெரிய கப்பலொன்று ஜலரேகாவின் விலாவில் மோதியது. ஜடையன் தாளித்துக்கொண்டிருந்த சட்டி எகிறி விழுந்தது. சிமெண்ட் பாரத்தோடு கப்பல் மளமளவென்று சாய்ந்தது. படகை அவிழ்க்கக்கூட அவகாசமில்லை. ஏணியேறித் தப்பி வந்த சுரேந்தரும் ஜடையனும் மட்டும் ஒரு பலகையைப் பிடித்து மிதந்தார்கள்.

"அதோ லைட்டு! நிறுத்தியிருக்காங்க. நான் போய் ஆளக் கூட்டிட்டு வரேன், நீ பலகைய விட்றாதே" என்று சொல்லிவிட்டு சுரேந்தர் நீந்தினான். மறுநாள் மீன்பிடிப் படகு தூக்கியது ஜடையனை மட்டும்தான்.

உடம்பு தேறியதும் சுரேந்தரின் அம்மா தேவம்மாவைத் தேடி மைசூருக்கு வந்தான். மகன் அந்தப் பெரிய கப்பலை நோக்கி நீந்தினான் என்று சொன்னதுமே அவள் கும்பிட்டாள். "அப்ப ஏத்திக்கிட்டிருப்பாங்க!" மீதியைச் சொல்ல ஜடையனுக்கு நா எழவில்லை. ஊருக்குத் திரும்பவும் மனம் வராமல் இங்கேயே வேலை தேடிக்கொண்டான்.

ஞாயிறுதோறும் தேவம்மா மெஸ்ஸுக்கு வந்து அதையே திரும்பச் சொல்லச் சொல்வாள். மோதிய கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தில் பிடிபட்டு, யாரையும் ஏற்றவில்லை என்று அதன் ஆட்கள் சொன்னபோதும், "கேஸுக்குப் பயந்து சும்னே பொய் சொல்றாங்க" என்றாள்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்பு ஒரு புதுச் சட்டையைக் கொண்டுவந்து விரித்தாள். "இளைச்சிருப்பான், இல்ல? இந்த சைஸ் போதுமா ஜடையா?"

அவனால் தாங்க முடியவில்லை. "அம்மா, அந்தக் கப்பல் நிக்கவே இல்லீங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேனுங்க. லைட்டு சிறுசாகிட்டே போச்சுங்க. அவன் அது பின்னாலயே நீந்துனான்."

தேவம்மா சட்டையை மடித்தாள். "இத்தன நாள் ஏன்டா சொல்லல?"

உடல் கிடைக்காததால் தர்ப்பையில் உருவம் செய்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்கரையில் காரியம் முடித்தார்கள். ஜடையனும் போயிருந்தான். தண்ணீரைக் கண்டதும் கால் படியிலேயே நின்றுவிட்டது. தேவம்மா திரும்பிப் பாராமல் தனியே இறங்கி முங்கினாள்.

அதன்பின் அவள் மெஸ் பக்கம் வரவில்லை. ஒருமுறை அவன் வீடு தேடிப் போனான். உட்காரச் சொல்லி காபி கொடுத்தாள். உள்ளே போய்விட்டாள். குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வந்தான்.