ஆடிக்கு அவரை அனுப்பிவைத்தேன்

எங்கள் ஊரில் ஆடி பிறந்தால் ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடி போர்டு தொங்கும். இங்கே திருவனந்தபுரத்தில் அதே நாளில் மருந்துக்கடை வாசலில் கஞ்சிப் பொட்டலங்களை அடுக்கியிருப்பார்கள். ஆடிக்கு இங்கே கர்க்கடகம் என்று பெயர். மழை கொட்டுகிற மாதம், உடம்பைத் தேற்ற வேண்டும் என்று மூலிகைப் பொடி போட்ட கஞ்சி குடிப்பார்கள். எங்கள் சங்கரன்கோவில் பக்கமோ ஆடி வந்தால் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்துவைப்பார்கள். ஆடியில் கரு நின்றால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது ஆகாது என்று பயம். மாதம் என்னவோ ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் விழிஞ்ஞம் துறைமுக வேலையில் கம்பி கட்டுகிறார். நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு தமிழ் டிபன் கடையில் மாவு ஆட்டுகிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. இங்கே வந்த பிறகு உண்டான என் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. பொம்பளைப் பிள்ளை. அதற்குப் பிறகு கருக்குழாய் அடைத்துக்கொண்டது, இனி ஐவிஎஃப்தான் என்றார்கள். ஒருமுறை கருவை வைத்தார்கள், நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் உறையவைத்திருந்ததில் என் கரு இன்னும் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதுவும் போனால் மறுபடி முதலிலிருந்து ஊசி போட என் உடம்பிலும் மனசிலும் தெம்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து வயிறு கெட்டது. எதைச் சாப்பிட்டாலும் முறுக்கும், உப்பும், ஓட வேண்டியிருக்கும். கரு வைக்கிற டாக்டரம்மா கேட்டார்.

“வேற மருந்து ஒண்ணும் எடுக்கலைல்லே?”

“இல்ல மேடம்.”

சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எனக்குத் துணைக்கு வந்திருந்த சிந்து சேச்சி, நாங்கள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி, தலையில் கை வைத்தார்.

“அய்யோ டாக்டரே! இவளோட அடுக்களையில ஒரு மருந்துக்கடை தன்னே உண்டு!”

“அது மருந்து இல்ல மேடம். லேகியம் எங்க அத்தை செஞ்சு குடுத்தது. வேப்பிலை உருண்டை கோயில்ல குடுத்தது. கஷாயம் மட்டும் கடையில கூட வேலை பாக்குற அக்கா குடுத்தாங்க.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “எல்லாம் ஒண்ணா சாப்பிடுறியா?”

“மாத்தி மாத்தித்தான் மேடம்.”

“அது அத்தை குடுத்ததுன்னு வயித்துக்கு எப்படித் தெரியும் குட்டீ?”

எங்கள் பக்கம் பிள்ளைக்கு ஏங்குகிறவளிடம் யார் எதைக் கொடுத்தாலும் அவள் வாங்கி வாயில் போட வேண்டும். வேண்டாம் என்றால் வரத்தையே வேண்டாம் என்றது மாதிரி. அந்தப் பிள்ளை போன நாளிலிருந்து நான் யாருக்கும் வேண்டாம் சொன்னதில்லை.

வயிற்று டாக்டர் சோதித்துப் பார்த்து, குடலில் இன்ஃப்ளமேஷன் என்றார். உள்ளே புண்ணாகிச் சிவந்து கிடக்கிறதாம். மாத்திரை கொடுத்தார். அது அடங்கட்டும், கருவை அப்புறம் வைப்போம் என்றார் எங்கள் டாக்டரம்மா. “வயிறு சரியானா பிள்ளை நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவங்க பக்கம் நீ போகாதே. பட்சே சண்டை நடக்கிற வீட்டுக்கு எதுக்கு விருந்தாளியைக் கூப்பிடணும்?”

லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் ஒதுக்கச் சொன்னார். குழைந்த சோறு, பயறு, ஒத்துக்கொண்டால் மோர். டீயைக் குடித்தே மத்தியானத்தை ஓட்டக் கூடாது. நன்றாகத் தூங்கணும், சாயங்காலம் நடக்கணும். இதெல்லாம் என்னால் முடிந்தது. கடைசியாக ஒன்று சொன்னார், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடணும் என்று. அதுதான் முடியவில்லை.

ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் முதன்முதலில் அசைந்தது நான் சாப்பிட உட்கார்ந்திருந்தபோதுதான். தட்டில் மீன்குழம்பும் சோறும். உள்ளே மெல்ல ஒரு துள்ளல். கையில் எடுத்த சோற்றோடு அப்படியே சிரித்துக்கொண்டு இருந்தேன். அவள் போன பிறகு தட்டோடு உட்கார்ந்தால் வயிறு அந்தத் துள்ளலுக்குக் காத்திருக்கும். அதனால் நின்றுகொண்டே, அடுப்புப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். வேலை அவசரம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சிந்து சேச்சியிடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும் சேச்சி தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார். “இரி மோளே. எனக்கு ஒத்தைக்குச் சோறு எறங்காது.” தொலைக்காட்சித் தொடரில் வருகிற மருமகளைத் திட்டித் தீர்த்தார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். “அழுதுக்கோ, பட்சே மென்னு தின்னணும்” என்றார். அழுகையோடு சிரிப்பு வந்து புரையேறியது. தினமும் இப்படியே. மாத்திரை வேலை செய்ததா, கஞ்சியா, சேச்சியின் தொடர்க்கதையா, எனக்குத் தெரியாது. முறுக்கல் நின்றது. ரத்தச் சோதனையைப் பார்த்து டாக்டரம்மா தலையாட்டினார். கருவை வைக்க நாள் குறித்தார். குறித்த நாள் ஆடியில் விழுந்தது.

செய்தி ஊருக்குப் போனதும் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, பஸ் ஏறி வந்துவிட்டார்.

“ஏட்டி மாரி, ஆடியிலயா? ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? துணியை எடுத்து வையி. அம்மா வீட்டுல கொண்டு விடுதேன்.”

“எதுக்கு அத்தை?”

“புருசனும் பொண்டாட்டியும் ஒரு வீட்டுல இருக்கப்படாதுட்டி.”

வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது. “அவ்வளவுதான? அப்ப ஒங்க மகனைக் கூட்டிட்டுப் போங்க. இதுக்கு அவுக வேண்டாம். கரு ஆஸ்பத்திரியில இருக்கு. நான் மட்டும் போய்ப் படுத்தாப் போதும்.”

அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பாவமாக முழித்தார். “நான் என்னம்மா செஞ்சேன்?”

“நீ வாய மூடுலே.”

ஆஸ்பத்திரிக் கையெழுத்தெல்லாம் அவர் முன்னமே போட்டிருந்தார். ஆனாலும் இப்படி ஒரு ஆடியை எங்கள் ஊர் கண்டதில்லை. தம்பானூர் பஸ் நிலையத்தில் அத்தை மகனைக் கையோடு பஸ் ஏற்றினார். ஏறுமுன் பைக்குள்ளிருந்து லேகிய டப்பாவை எடுத்து நீட்டினார்.

“வேண்டாம் அத்தை” என்றேன். வானம் இடிந்து விழவில்லை. அத்தை டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வேளைக்காவது தின்னுட்டி” என்றார்.

சேச்சி எனக்கும் கஞ்சிப் பொட்டலம் வாங்கியிருந்தார். இந்தமுறை முதலில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பொடி வேண்டாம், வெறும் கஞ்சி மதி, அதுவே போதும் என்றார். மழை பெய்த ஒரு காலையில் சேச்சிதான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வைத்த கரு நின்றுவிட்டது என்று தெரிந்த அன்று ஊருக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் அத்தை யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், “நாங்க ஆடிக்குப் பிரிச்சுதான் வச்சிருந்தோம்!”

இப்போது மார்கழி. மகள் போன மாதத்தைத் தாண்டிவிட்டேன். அவளை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். பிள்ளை சித்திரையில் பிறக்கும். ஊரிலிருந்து அத்தை கொடுத்துவிட்ட காலண்டரைப் பார்த்தால் பயப்பட வேண்டிய மாதம். சேச்சி மாட்டிவைத்த காலண்டரில் அது மேட மாதம், விஷுப் பண்டிகைக்குக் கணி காணுகிற மாதம், இதைவிட நல்ல நேரம் உண்டோ என்கிறார் அவர். இரண்டும் என் அடுக்களைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இன்றைக்கு அவற்றுக்குக் கீழே தட்டோடு உட்கார்ந்தேன். முதல் வாய் உள்ளே போனதும் வயிற்றுக்குள் ஒரு துள்ளல். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு வாய் பிசைந்தேன்.