அந்த வெள்ளை வேண்டாம்

1. ஒரு பாராட்டு

எங்கள் லாண்டரிக்கு வந்த பெரிய ஆபத்து ஒரு பாராட்டாகத்தான் வந்தது. திருச்சானூரில் நாங்கள் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய லாட்ஜின் மேனேஜர் ரமணய்யா, மடித்து அடுக்கிய தலையணை உறைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே குரல் பதிவு. "விஜயம்மா, சால பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்கு. இத்தன வருஷத்துல இந்த மாதிரி வெள்ளை நீங்க குடுத்ததே இல்ல. இனிமே எனக்கு இதே மாதிரிதான் வேணும்."

அப்போது நான் பாலசமுத்திரத்தில், தங்கை மகள் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தேன். படத்தைப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை. அது நாங்கள் துவைக்கிற வெள்ளை இல்லை.

புதிதாகத் தொழில் தொடங்குகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆகவே முதலில் எங்கள் ஊர்க் கறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2. மொட்டையும் தலையணையும்

திருப்பதி மலைக்கு வருகிறவர்கள் மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் பூசிக்கொள்கிறார்கள். பெருமாளைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, தாயாரைச் சேவிக்கத் திருச்சானூர் வந்து, லாட்ஜில் அறை எடுத்து, களைப்பில் அப்படியே சாய்ந்துவிடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிற சந்தனத்தில் சந்தனத்தைத் தேடத்தான் வேண்டும். பெரும்பாலும் மஞ்சள்.

இந்தக் கறையில் நேராகச் சலவைச் சோடா பட்டால் ரத்தச் சிவப்பாக மாறிவிடும். வெளியூரிலிருந்து வந்து இங்கே லாண்டரி போட்டவர்கள் எல்லாரும் முதலில் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். அறையில் யாருக்கோ மண்டை உடைந்திருக்கிறது என்று பயந்து லாட்ஜுக்குப் போன் செய்தவரும் உண்டு. வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலசி, காரம் குறைந்த சோப்பில் போட்டு, ஈரத்தோடு வெயிலில் விரிக்க வேண்டும். மிச்ச மஞ்சளை வெயில் எடுத்துவிடும். அதற்கு நன்றாகக் காய்கிற ஒரு முழு நாள் வேண்டும். இதற்கென்றே ஊருக்கு வெளியே ஒரு காலி மனையைப் பிடித்துக் கம்பி கட்டியிருந்தோம்.

லாண்டரியைத் தொடங்கியவர் என் கணவர். அவர் போன பிறகு நானும் அவருடைய தம்பி முனிரத்தினமும் சேர்ந்து நடத்துகிறோம். எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ரமணய்யாவின் லாட்ஜிலிருந்துதான் எங்கள் துணியில் பாதிக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

பாராட்டு வந்தது கார்த்திகை மாதம். தாயார் கோயில் உற்சவம், கூட்டம் தாங்கவில்லை. மழையும் விடவில்லை. லாட்ஜோ அன்றன்றைக்கே உறையைத் திருப்பிக் கேட்டது. நான் ஊரில் இல்லை. முனிரத்தினம் என்ன செய்திருப்பான் என்று பந்தியில் உட்கார்ந்தபடியே எனக்குப் புரிந்துவிட்டது.

3. கறை போகிற வரைக்கும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் சலவைக் கொட்டகைக்குப் போனேன்.

"இன்னா ஊத்தின?"

"பிளீச்சுதான் அண்ணி. மழை பேஞ்சிகினே கீது, வெயிலுக்கு நான் எங்க போவேன்? அந்தாளு போன் மேல போன் போட்டுகினு கீறாரு."

"எவ்ளோ ஊத்தின?"

"கறை போற வரைக்கும்."

அடுக்கிலிருந்து ஓர் உறையை எடுத்து, தையல் ஓரமாகக் கட்டைவிரலை வைத்து இழுத்தேன். சத்தமே இல்லாமல் பிரிந்தது. எங்களிடம் மூத்த ஆளான சுகுணா மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். "இத லாட்ஜுல போயி சொல்லிடணும்," என்றேன்.

"துணி அவங்கது அண்ணி," என்றான் முனிரத்தினம். "கிழிஞ்சா புதுசு வாங்கிப்பாங்க. அவரே நல்லா கீதுன்றாரு. நாமளே போயி நம்ம தலையில மண்ண வாரிப் போட்டுக்கணுமா?"

அவன் கெட்டவன் இல்லை. அந்த லாட்ஜ் போனால் எட்டுப் பேரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில் செய்தான். எனக்கும் அதே பயம்தான். ஆனால் நம்மால் தொடர்ந்து கொடுக்க முடியாத ஒன்றை ஒருமுறை கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் ஒழுங்காகச் செய்கிற வேலை அழுக்காகத் தெரியும். ஏற்கெனவே ரமணய்யாவுக்கு அப்படித் தெரிய ஆரம்பித்திருந்தது. பிளீச்சை நிறுத்தினாலும் சிக்கல், தொடர்ந்தாலும் சிக்கல்.

4. மேனேஜர் அறையில்

மறுநாள் காலை கிழிந்த உறையை எடுத்துக்கொண்டு போனேன். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். ரமணய்யா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப நீங்க ஏன் வந்து செப்பறீங்க? நான் ஒண்ணும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே."

"கிழிஞ்ச பின்னாடி நீங்க எங்களக் கேப்பீங்க சார். இந்த வெள்ளை வோணும்னா கோடை வரைக்கும்கூட துணி தாங்காது. எங்களுக்கு ஒரு நாள் வெயில் வோணும். அது காயற வரைக்கும் போட நீங்க இன்னொரு செட் உறை வாங்கி வெக்கணும்."

"துவைக்கறவங்க வந்து நான் இன்னா வாங்கணும்னு செப்பறதா? ஓனருக்கு நான் ஏம் செப்பாலி, இன்னான்னு சொல்றது?" அவர் குரல் ஏறியது. "பைபாஸ் பக்கம் ஒருத்தன் பெரிய மெஷின் போட்டிருக்கான். அன்னிக்கே குடுக்கறேன்றான். ஆலோசிச்சிக்கோங்க."

"ஆலோசிச்சிட்டுதான் வந்தேன் சார்."

பேச்சு வீராப்பாகத்தான் இருந்தது. வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது, எட்டுப் பேரில் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று விரல் விட்டு எண்ணினேன். அடுத்த வாரம் எங்கள் வண்டி அந்த லாட்ஜிலிருந்து காலியாகத் திரும்பியது.

5. காவி உறை

எட்டுப் பேரையும் உட்காரவைத்து நிலைமையைச் சொன்னேன். சுகுணாதான் முதலில் சொன்னாள்: "யாரையும் நிறுத்தாதக்கா. மாத்தி மாத்தி வர்றோம். பாதி நாள்னாலும் பரவால்ல." முனிரத்தினம் மட்டும் என்னோடு பேசவில்லை. ஒரே கொட்டகையில் இருந்துகொண்டு, "வண்டிக்கு டீசல் போடணும்னு உங்க அக்காகிட்ட சொல்லு" என்று சுகுணா வழியாகச் சேதி அனுப்பினான்.

நான் சின்னச் சின்ன லாட்ஜுகளாகத் தேடி அலைந்தேன். அலிபிரி பக்கம் வீட்டு மாடியிலேயே ஏழெட்டு அறை வைத்து நடத்துகிற ஒரு அம்மாவைப் பார்த்தேன். மொட்டை போட்டவர்கள் வந்தால் பழைய அரக்குப் புடவையைக் கிழித்துத் தலையணை மேல் விரித்துவிடுவாராம். "கறையோட யாரு மல்லுக்கட்டறது?" என்றார்.

கறையை எடுப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அது வெள்ளையில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. யோசித்தால் நமக்குத்தான் வேலை குறையும் என்று இருந்துவிட்டோம். மஞ்சள் பட்டாலும் தெரியாத காவித் துணி எடுத்துக் கெட்டியான உறைகளாகத் தைத்தேன். எங்களிடம் துணி போடுகிற ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஒரு கட்டு கொடுத்தேன். மொட்டை போட்டவர்களுக்கு இது, மற்றவர்களுக்கு வெள்ளை.

வந்தவர்கள் அதை ஏதோ தனி மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்கள். சென்னைக் குடும்பம் ஒன்று விலைக்குக் கேட்டது. லாட்ஜ்காரர் தர மறுத்ததும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முனிரத்தினம் அன்றுதான் சிரித்தான். "நம்மளது நல்லா ஓடுது அண்ணி" என்று நேராக என்னிடமே சொன்னான்.

வெள்ளை உறையில் கறை குறைந்ததால் மழை நாளைக் கண்டு பயமும் குறைந்தது. ஒரு லாட்ஜ்காரர் இன்னொருவரிடம் சொன்னார். எல்லாம் சின்ன இடங்கள். எதிலும் பெரிய லோடு கிடையாது. ஆனால் மறு வருஷம் கார்த்திகை வந்தபோது எட்டுப் பேருக்கும் முழு நாள் வேலை இருந்தது.

6. ரமணய்யா வந்தார்

அந்தக் கார்த்திகை மழையிலேயே ரமணய்யா குடையோடு எங்கள் கொட்டகைக்கு வந்தார். யாரோ தங்கியவர், பைபாஸ்காரன் பிளீச்சில் துவைத்துக் கொடுத்த படுக்கை விரிப்பில் காலை நீட்டியதும் நடுவில் கிழிந்துவிட்டதாம். அவர் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். ஓனர் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார்.

"நீங்க முன்னாடியே செப்பினீங்க. நான்தான் வினலே, காதுல வாங்கலே," என்றார். "எத்தன செட் வேணுமோ வாங்கறேன். நாலு மாடித் துணியும் நீங்களே எடுத்துக்கோங்க. சின்ன லாட்ஜெல்லாம் எதுக்கு உங்களுக்கு? விட்டுடுங்க."

சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய். ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேனோ என்றுகூடத் தோன்றியது. சரி என்று சொல்லவே வாயைத் திறந்தேன். விரிப்பு மடித்துக்கொண்டிருந்த முனிரத்தினம் நிமிராமலே முந்திக்கொண்டான்.

"ரெண்டு மாடி எடுத்துக்கறோம் சார். மிச்சத்த வேற யாருக்காவது குடுங்க."

ரமணய்யா என்னைப் பார்த்தார். நான் அவனைப் பார்த்தேன்.

"இன்னா முனிரத்னம், வேலை குடுக்க வந்தா வேணான்றியே?"

"நாளைக்கு நீங்க கோச்சிக்கினு போனாலும் இந்த எட்டுப் பேரும் வேலைக்கு வரணும் சார்," என்றான்.