பெரியம்மா படிக்க மாட்டன் எண்ட சொல்

குணேஸ்வரி பெரியம்மாவைப் பற்றி நல்லதாக எழுதச் சொன்னால் நாலு வரியில் முடிந்துவிடும். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கிறார். வில்லரேயில் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறார். யாராவது தக்காளியை அமத்திப் பார்த்தால் பிரெஞ்சில் ஏசுவார். மற்ற நேரத்தில் அந்த மொழிக்கு அவரிடம் வேலையில்லை. மிச்சமெல்லாம் கெட்டதுதான். எழுதக்கூடியதும் அதுதான்.

மகள் வினோஜா, லூக்கா எண்ட ஸ்லோவேனியப் பொடியனைக் கட்டப்போகிறாள். பெரியம்மா அதற்கு அழவில்லை. "பொடியன் புட்டுச் சாப்பிடுறான், பேந்தென்ன," என்றார். அவரை ஆட்டியது வேறு செய்தி. லூக்காவின் தாய் மர்யேத்தா ஊரிலிருந்து வருகிறாராம், அந்த மனிசிக்கு ஆங்கிலமும் வராது, பிரெஞ்சும் வராது.

"நான் மொழிபெயர்ப்பன்தானே அம்மா," என்றாள் வினோஜா.

அங்கேதான் சிக்கல். சின்ன வகுப்பில் ரீச்சர், "உங்கள் மகள் வாய் மூடுவதேயில்லை," என்று முறைப்பாடு சொன்னபோது, "நல்லாக் கதைக்கிறனாம்," என்று மொழிபெயர்த்தவள் அவள். பெரியம்மாவும் சிரித்து, மெர்சி என்று நன்றி சொல்லி, கொண்டுபோன வடைப் பெட்டியையும் ரீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இப்படிச் சிரித்துச் சிரித்தே இந்த ஊரில் அவருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

"சம்பந்தியோடை நானே கதைக்கோணும். அவவுக்கு முன்னாலையும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க ஏலாது," என்று என்னிடம் வந்தார். அந்தக் கிழமை பள்ளிக்கூடம் என்னை வீட்டில் இருந்து யோசிக்கச் சொல்லியிருந்தது. யோசிப்பதைத் தவிர என்னவும் செய்ய எனக்கு நேரம் இருந்தது.

மனிசர் வழக்கமாகப் படிக்கும் சொற்களைப் போனில் தேடினேன். தண்ணி, சாப்பாடு, நன்றி, கக்கூஸ்.

"உதெல்லாம் கையாலை காட்டலாமடா," என்றார். "அறிவைக் கையாலை எப்பிடிக் காட்டுறது?"

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசினால் முதலில் படிப்பைக் கேட்பார்கள், பிறகு வேலை அனுபவம். ஸ்லோவேனியாவிலும் அப்படித்தான் என்று அவர் தானே தீர்ப்பு எழுதிவிட்டார். நொலெட்ஜ், எக்ஸ்பீரியன்ஸ், விஸ்டம் என்று தனக்குத் தெரிந்த பெரிய ஆங்கிலச் சொல்லெல்லாம் அடுக்கினார். நான் தேடித் தேடிக் கொடுத்தேன். நொலெட்ஜுக்கு ஸ்னான்யே. எக்ஸ்பீரியன்ஸுக்கு இஸ்குஷ்னியா. விஸ்டத்துக்கு மோத்ரோஸ்ட். சந்தையில் விலை எழுதும் மட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். முன்னால் கத்தரிக்காய், பின்னால் அறிவு. முன்னால் வெங்காயம், பின்னால் அனுபவம். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துக் கொடுப்பார். முதலாளி ஏதோ மந்திரம் என்று நினைத்துப் பேசாமல் இருந்தான்.

ஒருநாள் சண்டைக்கு வந்தார். விஷயம் தெரியும் என்றால் வேம், செய்யத் தெரியும் என்றால் ஸ்னாம், ஆளைத் தெரியும் என்றால் பொஸ்னாம். "நாங்கள் எல்லாத்துக்கும் தெரியும் எண்டுதானே சொல்லுறம், குறைஞ்சா போனம்?" ஆனாலும் மூன்றையும் பாடமாக்கினார்.

கடைசியாக நான் ஒரு மட்டை எழுதிக் கொடுத்தேன். நே வேம். எனக்குத் தெரியாது.

"தெரியாது எண்டு சொல்ல என்னட்டை ஏற்கெனவே மூண்டு பாஷை இருக்கு," என்று அதைக் குப்பையில் போட்டார்.

நான் எடுத்து வெண்டிக்காய்க்குள் குத்தி வைத்தேன். பிறகு கொத்தமல்லிக்குள். பிறகு அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில், கோட்டுப் பையில், அரிசி வாளியில். காணுகிற நேரமெல்லாம் வாய்விட்டு வாசித்துவிட்டு ஏசுவார். "நே வேமாம், விசரன்."

மர்யேத்தா ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தார். உயரமான மனிசி, கையில் வால்நட் வைத்துச் சுருட்டிய கேக். பெரியம்மா பட்டுச் சீலை கட்டி, எதிரே இருந்து, தொண்டையைச் செருமினார். மர்யேத்தா முந்திவிட்டார். நீளமான ஒரு கேள்வி. அதில் ஸ்னான்யேயும் இல்லை, இஸ்குஷ்னியாவும் இல்லை. மொழிபெயர்க்க லூக்கா வாயைத் திறந்தான். பெரியம்மா கையை உயர்த்தினார், தக்காளி அமத்துபவர்களை நிறுத்தும் அதே கை.

மட்டைகள் ஒவ்வொன்றாக விழுவது அவர் முகத்திலேயே தெரிந்தது. அறிவு போயிற்று. அனுபவம் போயிற்று. அந்தப் பழைய சிரிப்பு உதட்டுக்கு வரத் தொடங்கியது. கடித்த வடையை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"நே வேம்," என்றார் பெரியம்மா.

மர்யேத்தா அவரையே பார்த்தார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, அவரும் "நே வேம்" என்று பெருமூச்சு விட்டார்.

"அவ என்னடி கேட்டவ?" என்றார் பெரியம்மா இப்போது.

வினோஜா தட்டைப் பார்த்தாள். லூக்காதான் சொன்னான். கலியாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே இருக்கப்போகினம், உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டாராம். தனக்கு ஒருவரும் சொல்லவில்லையாம்.

பெரியம்மாவுக்கும் ஒருவரும் சொல்லவில்லை. கீழ்மாடி வீடு காலியாகப் போகிறது, அதில்தான் இருப்பினம் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். மெதுவாக வினோஜாவை விரலால் சுட்டி, "பொஸ்னாம்," என்றார். இந்த ஆளை எனக்குத் தெரியும்.

மர்யேத்தா தன் மகனைச் சுட்டினார். "பொஸ்னாம்."

இரண்டு தாய்மாரும் சேர்ந்து பார்த்த பார்வையில் வினோஜா தானாகவே கக்கிவிட்டாள். "லொங்குய்யிலை ஒரு வீடு எடுத்திட்டம்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம். மெட்ரோவில் ஒருக்கால் மாறி ஏறினால் வந்துவிடும். பெரியம்மாவுக்கு அது ஸ்லோவேனியாவை விடத் தூரம். ஆறு, பாலம், தூரம் எல்லாவற்றையும் அவர் கையாலேயே காட்ட, மர்யேத்தா தலையில் கை வைத்தார். வடைத் தட்டு அவர் பக்கம் நகர்ந்தது.

"நான் மொழிபெயர்க்கட்டோ அம்மா?" என்றாள் வினோஜா சின்னக் குரலில்.

"நீ பேசாமல் சாப்பிடு. நாங்கள் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."